கரடி யாருடையது

விர்ப்பி ஹானுலாவுக்குப் பேசப் பிடிக்காது என்று சொன்னால் அது சரியல்ல. தேவையான அளவு பேசுவாள். அந்த அளவு சின்னது, அவ்வளவுதான். பின்லாந்தின் ஹாமேப் பகுதிக்காரர்களே அப்படித்தான் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஹாமேக்காரர்கள் இதற்கு இதுவரை பதில் சொன்னதில்லை.

தாம்பெரே நகரத்தில், ஒருகாலத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த செங்கல் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் அவள் வேலை பார்த்த கம்பெனி இருந்தது. கணினி விளையாட்டு செய்கிற கம்பெனி. மொத்தம் எட்டுப் பேர். எட்டுப் பேரும் சேர்ந்து வருடக்கணக்கில் ஒரே விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். பனிக்காலத்தின் நடுவில் தூக்கம் கலைந்துபோன கரடி ஒன்று, திரும்பத் தூக்கம் வராமல் ஏரிக்கரைக் கிராமத்தில் அலைகிறது, கடைசியில் தூங்கிவிடுகிறது. விளையாட்டு அவ்வளவுதான். கேட்டவர்கள் எல்லாரும் "அப்புறம்?" என்றார்கள். அப்புறம் ஒன்றும் கிடையாது.

கரடியின் உடம்பு விர்ப்பியின் பொறுப்பு. நடப்பது, மோப்பம் பிடிப்பது, பனிக்கட்டியை உடைத்து மீன் எடுப்பது எல்லாம் அவள் சி ப்ளஸ் ப்ளஸில் எழுதியவை. வேகமான நிரல் மொழி அது; முன்கோபமும் உண்டு. கரடி எப்போது எங்கே போகும், யார் வீட்டு வாசலில் நின்று எதை முகரும் என்பது இல்மாரி தொஸ்ஸவைனெனின் பொறுப்பு. அவன் எழுதியது லுவாவில். பெரிய நிரலுக்கு உள்ளேயே ஓர் அறையில் குடியிருக்கிற சின்ன மொழி அது. சாது. எழுதினதை மாற்றிவிட்டு உடனே ஓட்டிப் பார்க்கலாம், ஒன்றும் சொல்லாது.

சிக்கல் என்னவென்றால், ஒரே வீட்டில் இருந்தாலும் இந்த இரண்டு மொழிகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கரடிக்கு மோப்பம் பிடிக்கத் தெரியும் என்பது லுவாவுக்குத் தெரியாது. யாராவது நடுவில் நின்று, லுவா நீட்டுவதை வாங்கி, அது எண்ணா எழுத்தா என்று பார்த்து, கரடியிடம் கொடுத்து, கரடி சொன்னதைத் திரும்பக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். கரடியின் ஒவ்வொரு செயலுக்கும் நிரலில் இப்படி ஒரு தரகுத் துண்டு. அத்தனையையும் விர்ப்பி கையால் எழுதினாள்.

காலையில் காபிக் கோப்பையோடு இல்மாரி அவள் மேசைக்கு வருவான்.

"கரடிக்கு மோப்பம் பிடிக்கத் தெரியுமா?"

"தெரியும். போன வருஷத்துலேருந்து தெரியும்."

"அப்ப எனக்கு ஏன் தெரியல?"

"நீ கேக்கல."

"இப்பக் கேட்டுட்டேன்னு வச்சுக்கயேன்."

"எதுக்குன்னு சொல்லு. வியாழக்கிழமை தரேன்."

அவன் அங்கேயே நின்று காபியைக் குடித்து முடிப்பான். ஊரில் ஏரி உறைந்ததைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரன் பனி அள்ளுகிற விதத்தைப் பற்றி ஏதாவது சொல்வான். இல்மாரி நாட்டின் கிழக்கே சாவோப் பகுதிக்காரன். சாவோக்காரன் வாயைத் திறந்தால் அர்த்தம் கண்டுபிடிக்கிற பொறுப்பு கேட்கிறவன் தலையில் என்று நாட்டில் ஒரு பேச்சு உண்டு. 'இந்தக் காட்சி முடிஞ்சுதா?' என்று கேட்டால், 'முடியலன்னு சொல்ல முடியாத அளவுக்கு வந்திருக்கு' என்பான். விர்ப்பி தலையை ஆட்டுவாள். அவன் போய்விடுவான். நாள் தொடங்கும்.

அந்த ஜனவரியில்தான் கரடி தும்ம ஆரம்பித்தது.

கடைசிக் காட்சி. கரடி ஊரையெல்லாம் சுற்றிவிட்டு, படகுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்து, வைக்கோலைத் தள்ளி, சுருண்டு படுக்க வேண்டும். படுத்தது. பிறகு தும்மியது. மறுபடி தும்மியது. தும்மிக்கொண்டே இருந்தது.

கம்பெனியை நடத்திய ஒலாவி பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இல்மாரி, கரடி ஏன் தும்முது?"

"நான் தூங்கத்தான் சொன்னேன்."

"இது தூக்கம் இல்ல. தும்மல்."

"வித்தியாசம் தெரியுது. நான் சொன்னது தூங்குன்னு."

ஒலாவி நம்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் கிராமத்துப் பாதிரியார் கரடிக்குக் காலை வணக்கம் சொல்லும்படி இல்மாரி எழுதி வைத்திருந்தான். அப்படி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இதுவும் அந்த ரகம் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். இல்மாரி காட்சியைத் திருத்தினான். கரடி தும்மியது. முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினான். தும்மியது. விர்ப்பியிடம் வந்தான்.

"உன் பக்கத்துல ஏதாவது..."

"உன் ஸ்கிரிப்டைப் பாரு" என்றாள் விர்ப்பி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் போய்ப் பார்த்தான். அந்த வாரம் முழுக்கப் பார்த்தான். அடுத்த வாரமும் பார்த்தான். ஒலாவி அவனைத் தனியாக அழைத்து, விளையாட்டும் வேடிக்கையும் ஒன்றல்ல என்று நிதானமாகச் சொன்னார். பிறகு இன்னும் நிதானமாக இன்னொரு முறை சொன்னார்.

வேறு எதையோ தேடப் போன இடத்தில்தான் விர்ப்பி அதைப் பார்த்தாள். 'தூங்கு' என்ற செயலுக்கான தரகுத் துண்டை அவள் புதிதாக எழுதவில்லை. 'தும்மு' என்பதற்கு எழுதியிருந்ததை நகலெடுத்துத் தலைப்பை மாற்றியிருந்தாள். உள்ளே ஒரே ஓர் இடத்தில் மாற்ற மறந்திருந்தாள். லுவா வந்து கரடியைத் தூங்கச் சொல்லும். தரகு உள்ளே போய்த் தும்மச் சொல்லும். கரடி சொன்னதைச் செய்யும். கரடி மேலும் பிழையில்லை, இல்மாரி மேலும் பிழையில்லை.

அவள் நாற்காலியில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஆலைப் புகைபோக்கி ஒன்றின் மேல் காகம் உட்கார்ந்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்த அறைக்குப் போனாள்.

"தும்மல் என்னோடது" என்றாள்.

ஒலாவி கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்படியா" என்றார்.

"நகல் எடுத்தேன். ஒரு பேரை மாத்தல. இல்மாரி எழுதினது எல்லாமே சரி. மொதல்ல எழுதினதும் சரி."

எல்லாரும் இல்மாரியைப் பார்த்தார்கள். சாவோக்காரன், பேச வேண்டிய நேரம் இதுதான். அவனோ ஏலக்காய் ரொட்டியில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

"மொதல்ல எழுதினது நல்லாவும் இருந்துச்சு" என்றான் கடைசியில். "அதை அழிச்சுட்டேன்."

அது விர்ப்பிக்கு உறைத்தது. அவன் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. மேசைக்குத் திரும்பி, தான் எழுதியிருந்த தரகுத் துண்டுகள் எல்லாவற்றையும் மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. வாங்கு, சோதி, கொடு, திருப்பித் தா. பெயர் மட்டும் வேறு. இத்தனை ஒன்றுபோல இருப்பதை ஒரு மனுஷி ஏன் கையால் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று முதல்முறையாக யோசித்தாள். கரடியின் மோப்பம் பிடிக்கிற செயல் ஓர் எண்ணைக் கேட்கிறதா, இரண்டு எண்ணைக் கேட்கிறதா, என்ன திருப்பித் தருகிறது என்பதெல்லாம் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தருகிற கம்பைலருக்கு ஏற்கெனவே தெரியும். அதற்குத் தெரிந்ததை அதற்கே மறுபடி எழுதிக் காட்டி, அந்த நேரத்தில் பிழையும் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

சி ப்ளஸ் ப்ளஸில் டெம்ப்ளேட் என்று ஒன்று உண்டு. வார்ப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வார்ப்பைச் செய்து வைத்துவிட்டால், எந்தச் செயலைக் காட்டுகிறோமோ அதன் வடிவத்தைக் கம்பைலரே பார்த்து, அதற்குப் பொருத்தமான தரகுத் துண்டைத் தானே வார்த்துக்கொள்ளும். பெயரை ஒரு முறை சொன்னால் போதும். நகல் கிடையாது. மறதிக்கு இடம் கிடையாது.

ஒலாவியிடம் போய் நேரம் கேட்டாள்.

"எவ்வளவு?"

"தெரியல."

"வசந்தத்துல ஆள் வந்து பாக்கறாங்க, விர்ப்பி. பதிப்பாளர். தெரியும்ல?"

"தெரியும்."

"அதுக்குள்ள முடியுமா?"

"முடியலன்னா கையால எழுதினது இருக்கு. அது தும்மும்."

ஒலாவி நேரம் கொடுத்தார்.

பிப்ரவரி முழுக்க அவள் வார்ப்பு செய்தாள். அந்தக் காலத்து சி ப்ளஸ் ப்ளஸில் ஒரே வார்ப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. எதையும் கேட்காத செயலுக்கு ஒன்று, ஒன்றைக் கேட்பதற்கு ஒன்று, இரண்டைக் கேட்பதற்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்ய வேண்டும். எதையும் திருப்பித் தராதவற்றுக்கு வேறு. பார்ப்பேன், ஆனால் எதையும் மாற்ற மாட்டேன் என்று முன்கூட்டியே சத்தியம் செய்து கொடுத்த செயல்களுக்கு இன்னும் வேறு. எட்டைக் கேட்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

"ஒம்பது கேக்கற செயல் இருந்தா?" என்றான் இல்மாரி. பழையபடி காபியோடு வர ஆரம்பித்திருந்தான், ஆனால் முன்பைவிடச் சீக்கிரம் குடித்து முடித்தான்.

"அதை எழுதினவன் வேற வேலை தேடிக்கணும்."

"எழுதினவன் யாரு?"

"நான்தான். அதனால எழுதல."

வார்ப்பில் ஒரு சின்னக் குறி விட்டுப்போனால் கம்பைலர் சொல்லுகிற குறை ஒரு பக்கத்துக்கு நீளும். எங்கே பிழை என்று சொல்லாது. தான் எந்தெந்த வழியாக நடந்து வந்து, எங்கே ஏமாந்தது என்று முதலிலிருந்து புலம்பும். அப்படி வந்த புலம்பல் ஒன்றை இல்மாரி அச்செடுத்துக் காபி அறையில் நின்று உரக்கப் படித்தான். சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற குரலில் படித்தான். ஒலாவி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். விர்ப்பியும் சிரித்தாள், அவள் சிரிப்பது மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று போவதுதான், பழகியவர்களுக்குத் தெரியும்.

"இதுல பிழை எங்க இருக்கு?" என்று கேட்டான்.

"நடுவுல ஒரு நட்சத்திரக் குறி இல்ல."

"இவ்வளவு அழுகையும் ஒரு நட்சத்திரத்துக்கா?"

"ஆமா."

"எங்கூர்லயும் இப்படி ஒருத்தர் இருந்தாரு" என்றான் இல்மாரி.

மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை, வார்ப்பு வேலை செய்தது. விர்ப்பி பழைய தரகுத் துண்டுகள் எல்லாவற்றையும் அழித்தாள். அவற்றின் இடத்தில் செயலுக்கு ஒரு வரி. கரடியை முழுவதும் லுவாவுக்குத் திறந்துவிட்டாள். பிறகு ஏரியை, பனியை, கிராமத்து ஆட்களை, காற்றை, படகுகளை. எல்லாவற்றையும் திறந்துவிட்டு இல்மாரிக்கு ஒரு வரி எழுதினாள்: 'இனி கேட்க வேண்டாம். எல்லாம் இருக்கிறது.'

மறுநாள் காலை அவன் வரவில்லை. அவன் மேசை அறையின் மறு மூலையில். அங்கே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அடுத்த நாளும் வரவில்லை. வர வேண்டிய அவசியம் எதுவும் இல்லை, அதற்காகத்தானே இத்தனையும் என்று விர்ப்பி தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டது சரியாகவே இருந்தது. ஆனாலும் காபி கசந்தது. பொட்டலத்தை மாற்றிவிட்டார்களோ என்று போய்ப் பார்த்தாள். மாற்றவில்லை.

இல்மாரி அந்த நாட்களில் ஆனந்தமாக இருந்தான். பட்டியிலிருந்து வசந்தத்தில் அவிழ்த்துவிட்ட மாடு எப்படித் துள்ளுமோ அப்படி. கரடி பனி உறைந்த ஏரியின் நடுவில் போய் உட்கார்ந்து, சறுக்குகிற பிள்ளைகளை வேடிக்கை பார்த்தது. தபால் பெட்டிகளை முகர்ந்து, ஒரு வீட்டின் பெட்டியை மட்டும் தாண்டிப் போனது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் பார்க்கிறவர்களுக்கு ஏதோ புரிந்ததுபோல் இருந்தது. ஒலாவி அடிக்கடி அவன் பின்னால் வந்து நின்றார். ஒன்றும் சொல்லாமல் போனார். அது பாராட்டு.

பிறகு ஒரு நாள் கரடி கொட்டாவி விட்டதும் ஏரி முழுவதும் உருகி ஓடியது. அன்று விர்ப்பி தானே எழுந்து அவன் மேசைக்குப் போனாள்.

"ஏரிய யாரு உருக்கினது?"

"நான்தான். ஏரிக்குள்ள 'உருகு'ன்னு ஒண்ணு இருந்துச்சு."

"அது சோதனைக்கு வச்சது. யாரைக் கேட்டு அதைத் தொட்ட?"

"கேக்க வேண்டாம்னு நீதானே எழுதின?"

அவள் அவன் திரையில் உருகி ஓடுகிற ஏரியைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் திறந்துவிட்டது நீ" என்றான் அவன், கோபமில்லாமல். "எந்தக் கதவுக்குப் பின்னால சுவர் இருக்கு, எதுக்குப் பின்னால கிணறு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? முன்னாடின்னா நீ 'எதுக்கு'ன்னு ஒரு கேள்வி கேப்ப. எரிச்சலா இருக்கும். ஆனா கிணத்துல விழமாட்டேன்."

"எதுக்குன்னு கேட்டா ஒனக்கு எரிச்சலா?"

"ரொம்ப."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. ஆறு மாசமாச் சொன்னேன். ஒனக்குப் புரியற மாதிரி சொல்லல, அவ்வளவுதான்."

அவள் திரும்பிப் போய் 'உருகு' என்பதை மூடினாள். கூடவே இன்னும் சிலவற்றை மூடினாள். எதை மூடினேன் என்று அவனுக்கு எழுதியும் அனுப்பினாள். அவன் 'சரி' என்று பதில் போட்டான். வேறு எதுவும் எழுதவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் பதிப்பாளர் பக்கத்திலிருந்து ஆள் வந்தாள். பிர்த்தே ராவ்ன்கில்தே என்று பெயர், டென்மார்க்காரி, ஐம்பதைத் தாண்டியவள், காலணியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்தாள். இது எல்லாருக்கும் பிடித்தது. பெரிய திரைக்கு முன்னால் அவளை உட்கார வைத்தார்கள். பேச்சு இங்கிலீஷில்; யாருக்கும் அது தாய்மொழி இல்லை என்பதால் எல்லாரும் சுருக்கமாகப் பேசினார்கள்.

இல்மாரி ஓட்டினான். கரடி விழித்தது. கிராமத்துக்குள் வந்தது. பிர்த்தே முழங்காலில் கையூன்றி முன்னால் சாய்ந்து பார்த்தாள். கரடி தபால் பெட்டிகளைக் கடந்தது, படகுத்துறையில் நின்றது. ஒரு கிழவர் அதைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். கரடி ஏரியின் மேல் இறங்கி நடந்தது. நடுவழியில் காணாமல் போனது.

காலடித் தடங்கள் மட்டும் நிற்கவில்லை. வெறும் பனியின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டே போயின. அக்கரையில் இருந்த பெண்மணி ஒருத்தி, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துப் பிள்ளையை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். ஒன்றுமில்லாத இடம் அவளைக் கடந்து போனது.

"கரடி எங்கே?" என்றாள் பிர்த்தே.

ஒலாவி தொண்டையைச் செருமினார். இல்மாரிதான் முதலில் பேசினான்.

"கரடி இருக்குதுன்னும் சொல்லலாம். இல்லன்னு சொல்றதுக்கும் ஆதாரம் பத்தாது."

"பிழை" என்றாள் விர்ப்பி. "என்னோடது."

பிர்த்தே இருவரையும் பார்த்தாள். "சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?"

"தெரியல. பாத்துச் சொல்றேன்."

"எனக்கு ரயில் சாயங்காலம்தான்" என்றாள் பிர்த்தே. "இந்த ரொட்டியை எடுத்துக்கலாமா?"

விர்ப்பி இல்மாரியின் மேசையிலேயே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதுவரை அவள் அங்கே உட்கார்ந்ததில்லை. இல்மாரி நகர்ந்து இடம் விட்டான். பிர்த்தே தட்டோடு எழுந்து வந்து பின்னால் நின்றாள். ஒலாவியும் வந்தார்.

"நேத்து என்ன மாத்தின?"

"ஒரே ஒரு வரி. படகுத்துறைகிட்ட 'இங்க யாரு நிக்கறது'ன்னு கேட்டேன். கிழவர் தொப்பிய யாருக்குத் தூக்கறதுன்னு தெரியணும்ல."

"அது என்ன திருப்பித் தந்துச்சு?"

"கரடியத் தந்துச்சு."

"கரடிய வச்சு என்ன பண்ணின?"

"தொப்பியத் தூக்கச் சொன்னேன். அப்புறம் எனக்கு அது தேவைப்படல."

விர்ப்பி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். புரிந்துவிட்டது. லுவாவின் வீட்டில் ஒரு வேலைக்காரன் உண்டு. இனி யாரும் பேர் சொல்லாத பொருளைப் பார்த்தால் குப்பை என்று அள்ளிப் போட்டுவிடுவான். எப்போது வருவான் என்று சொல்ல முடியாது. அவனுக்குத் தோன்றும்போது வருவான். கையால் எழுதிய காலத்தில் கரடியை லுவாவிடம் நீட்டும்போதெல்லாம், இது உன்னுடையது இல்லை, பார்த்துவிட்டுக் கொடு என்று அவள் ஒவ்வொரு இடத்திலும் எழுதியிருந்தாள். யோசித்து எழுதியதில்லை, கைப்பழக்கம். வார்ப்பு செய்தபோது அந்தப் பழக்கத்தை வார்ப்புக்குச் சொல்ல மறந்துவிட்டாள். எது திரும்பி வந்தாலும் அது லுவாவுக்கே சொந்தம் என்று வார்ப்பு எடுத்துக்கொண்டது. இல்மாரியின் ஸ்கிரிப்ட் கரடியைக் கேட்டது, பார்த்தது, மறந்தது. வேலைக்காரன் வந்தான்.

"இந்தக் கரடி யாருடையது?" என்றாள் விர்ப்பி. தன்னிடமே கேட்டதுதான், ஆனால் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"என்னோடது" என்றான் இல்மாரி.

"கம்பெனியோடது" என்றார் ஒலாவி.

"கையெழுத்து ஆயிட்டா எங்களோடது" என்றாள் பிர்த்தே, வாய் நிறைய ரொட்டியோடு.

"இல்ல" என்றாள் விர்ப்பி. "அந்தக் கிராமத்தோடது. கிராமம் இருக்கற வரைக்கும் கரடி இருக்கணும். இல்மாரி, ஒனக்கு இரவல்தான்."

"எப்பவுமே அப்படித்தான் இருந்துச்சு" என்றான் இல்மாரி. "இன்னிக்குத்தான் வாயால சொல்ற."

அவள் வார்ப்பைத் திறந்தாள். எது திரும்பி வந்தாலும் இரவல். சொந்தமாகக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரே இடத்தில் எழுதினாள். கரடிக்கு, படகுக்கு, கிழவருக்கு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே இடம்தான். கம்பைலர் எல்லாத் தரகுகளையும் முதலிலிருந்து மறுபடி வார்த்தது. அதற்குத்தான் நேரமெடுத்தது. காத்திருந்தபோது பிர்த்தே இரண்டாவது ரொட்டியை எடுத்துக்கொண்டு, இந்த வரி என்ன, அந்த வரி என்ன என்று விர்ப்பியிடம் கேட்டாள். வியாபாரம் பேச வந்தவள் கேட்கிற கேள்விகளாக அவை இல்லை. விர்ப்பி பதில் சொன்னாள். பதில்கள் ஒரு சொல்லிலிருந்து இரண்டு சொல்லாயின. பிறகு முழு வாக்கியங்களாயின. ஒலாவி அவளை வியப்போடு பார்த்தார்.

கரடி ஏரியைக் கடந்தது. பள்ளத்தைக் கண்டுபிடித்தது. வைக்கோலைத் தள்ளிப் படுத்தது. தூங்கியது.

"அப்புறம்?" என்றாள் பிர்த்தே.

"அவ்வளவுதான்" என்றான் இல்மாரி.

அவள் தலையாட்டிவிட்டுக் காலணியை மாட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனாள்.

பதில் மே மாதம் வந்தது. ஒலாவி அதை எல்லார் முன்னாலும் படித்தார். கரடி அழகு, ஆனால் தங்கள் கடைகளில் விற்காது என்று பிர்த்தே எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இன்னொரு பத்தி. தானும் ஒருகாலத்தில் நிரல் எழுதியவள்தான். பத்து வருடம் இந்தத் தரகுத் துண்டுகளைத்தான் கையால் எழுதினாள். டென்மார்க்கில், ஓடென்சே நகரத்தில் அவர்களுடைய ஆட்கள் இன்னமும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஒரு பெரிய பிழையை ஒரே இடத்தில் தொட்டு, தான் ரொட்டி தின்று முடிக்கிற நேரத்துக்குள் சரி செய்ததைக் கண்ணால் பார்த்தாள். வார்ப்பை விலைக்குக் கொடுப்பீர்களா? நல்ல விலை. கூடவே, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதிய விளக்கமும் வேண்டும்.

அந்தப் பணம் வந்தால் கரடியை யார் தயவும் இல்லாமல் முடித்துவிடலாம் என்பது ஒலாவியின் முகத்தில் தெரிந்தது. விர்ப்பி இல்மாரியைப் பார்த்தாள். அவன் முகம் சுருங்கியிருந்தது.

"கரடிய வேண்டாம்னுட்டு அதோட எலும்புக்கு விலை கேக்கறா" என்றான்.

எழுந்து வெளியே போனான். விர்ப்பி கொஞ்ச நேரம் கழித்து இறங்கிப் போனாள். அவன் கரையோர அங்காடியில், மர பெஞ்சில், கறுப்பு மக்கரா என்கிற இரத்தத் தொத்திறைச்சியும் லிங்கன்பெர்ரிப் பழ ஜாமும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தின்னவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாள். "வார்ப்பு என்னோடது. ஒலாவி கேட்டுக்குவாரு."

"எதுக்கு?"

"ஒனக்குப் பிடிக்கல."

"பிடிக்கலன்னு நான் சொன்னேனா?"

"எலும்புன்னு சொன்ன."

"எலும்பு நல்ல எலும்பு." ஒரு துண்டை வெட்டி அவள் பக்கம் தள்ளினான். "கரடி விக்காதுன்னு எழுதினது நெசமாத்தான் இருக்கும். அதுதான் வலிக்குது. நீ வித்துடு. ஆனா அந்த விளக்கத்த நீ எழுதாத."

"ஏன்?"

"நீ எழுதினா அரைப் பக்கத்துல முடிஞ்சுடும். அதுல பாதி 'மேலே பார்க்கவும்'."

அது உண்மைதான். விளக்கத்தை இல்மாரி எழுதினான். எழுதியதைப் படிக்க விர்ப்பி அவன் மேசைக்குப் போனாள். 'இரவல் வாங்கியதைத் தன்னுடையது என்று நினைக்காமல் இருப்பதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றாலும், நினைக்க விரும்பினால் சொல்லியாக வேண்டும்' என்று ஒரு வரி. அவள் அதை மூன்று தரம் படித்தாள்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"படிச்சா புரியும்."

"புரியல."

"டென்மார்க்காரங்களுக்குப் புரியும்."

"மாத்து."

மாற்றினான். அடுத்த வரிக்குப் போனார்கள். ஜூன் முழுக்க இப்படிப் போனது. விளக்கம் நன்றாக வந்தது என்று ஓடென்சேயிலிருந்து எழுதினார்கள். நடுநடுவே ஏன் ஒரு கரடி வந்து போகிறது என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

கரடி அடுத்த இலையுதிர் காலத்தில் வெளிவந்தது. பெரிதாக விற்கவில்லை. ஆனால் வாங்கியவர்கள் அதை அடிக்கடி விளையாடினார்கள். பிர்த்தே தன் சொந்தக் காசில் ஒன்று வாங்கியதாக ஒலாவிக்கு எழுதியிருந்தாள். எட்டுப் பேரில் யாரும் வேலையை விட்டுப் போகவில்லை. அந்தத் தொழிலில் அது கொஞ்சம் அபூர்வம்.

அதற்கெல்லாம் முன்னால், விளக்கத்தை அனுப்பிய அந்த ஜூலையில், கம்பெனி வழக்கம்போல் கோடை விடுமுறைக்கு மூடியிருந்தபோது, இல்மாரி விர்ப்பியைச் சாவோவில் இருக்கும் தன் ஏரிக்கரைக் குடிலுக்குக் கூப்பிட்டான். கூப்பிட்ட விதத்தில் அது அழைப்பா இல்லையா என்று அவளுக்கு உறுதியாகத் தெரியவில்லை. அதனால் கேட்டாள். அழைப்புதான் என்றான்.

அங்கே அவன் பேசவே இல்லை. விறகு பிளந்தான், சௌனா என்கிற நீராவிக் குளியலறையைச் சூடாக்கினான், படகைத் தண்ணீரில் தள்ளினான். கேட்டதற்கு 'ம்' என்றான். சொந்த ஊருக்கு வந்தால் சாவோக்காரர்களின் பேச்சு தீர்ந்துபோகும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. படகு ஏரி நடுவில் நின்றது. தூண்டில் தண்ணீரில் கிடந்தது. கொசு ரீங்கரித்தது. அமைதி தாங்க முடியாமல்தான் இருக்க வேண்டும், விர்ப்பி பேச ஆரம்பித்தாள். ஹெல்சிங்கியில் முதலில் பார்த்த வேலையைப் பற்றிச் சொன்னாள். அங்கே ஒருத்தர் அவள் எழுதியதை எல்லாம் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டதைச் சொன்னாள். அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை என்பதையும் சொன்னாள். அப்பாவின் பழைய சாப் கார், அக்காவோடு போட்ட சண்டை, நாய் வளர்க்கலாமா என்ற யோசனை. அந்த ஊர்க் கோடைச் சூரியன் இறங்குவதாகப் போக்குக் காட்டிவிட்டு இறங்காமலே இருந்தது. ஒரு மீன்கூடச் சிக்கவில்லை.

கரைக்குத் திரும்பும்போது இல்மாரி துடுப்பைப் போட்டுக்கொண்டே சொன்னான்.

"பேசினா மீன் வராது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"கேட்டுட்டு இருந்தேன்" என்றான்.